சுத்தக் காற்று நாள்

"கண்ணு சிமிட்டறத எண்றதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"எண்ணி?"

"எண்ணி எழுதிக் குடுக்கணும்."

"யாராவது கேட்டா டைப் அடிக்கறேன்னு சொல்லு. வெளியில சொல்லிக்கற மாதிரியா இருக்கு?"

சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லைதான். ஆனால் வேலை அதுவே. கைக்குள் அடங்குகிற எண்ணும் கருவி ஒன்று தருவார்கள். திரையில் ஒரு ஜோடிக் கண் தெரியும். இமை மூடித் திறந்தால் கட்டைவிரலால் ஒரு அழுத்து. 'டிக்'. பக்கத்து மேசையில் தாடிக்காரர் ஒருவர் இதே வேலை பார்த்தார். அவர் வேறு கண்களை எண்ணுவார். இரண்டு பேருமாகச் சேர்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை டிக், டிக். நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் அவர்கள் கண்ணையும் எண்ணிவிடுவோம்.

இதெல்லாம் எதற்கு என்று சொல்ல வேண்டும். பிளைவுட் ஆலையில் மரத்தகடுகளுக்குப் பசை தடவி அடுக்கி, சூடான இயந்திரத்தில் வைத்து அழுத்துவார்கள். சூடேறினால் பசையிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஆலையில் எல்லாரும் அதைக் காரம் என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்குக் காரம் ஜாஸ்தி." "மழை வந்தா காரம் நகரவே மாட்டேங்குது." கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். வேலை செய்கிற இடத்துக் காற்றில் அது எவ்வளவு இருக்கலாம் என்று சட்டத்தில் ஒரு அளவு இருந்தது. பத்து லட்சம் பங்கு காற்றுக்கு ஒரு பங்கு. அது ரொம்ப அதிகம், குறைக்க வேண்டும் என்று ஒரு குழு போட்டார்கள். எவ்வளவு குறைப்பது என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. அரைப் பங்கா, கால் பங்கா? அரை என்றால் ஆலைக்காரர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், இருக்கிற மின்விசிறிகளே போதும். கால் என்றால் ஒவ்வொரு இயந்திரத்தின் தலைக்கு மேலும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டு வைத்தாக வேண்டும்.

அதைத் தீர்க்கத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடி அறை. ஆலையிலிருந்து பன்னிரண்டு பேர் தாங்களாகவே வந்தார்கள். ஒவ்வொருவரும் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அறைக்குள் உட்கார வேண்டும். ஒரு நாள் அரைப் பங்கு காரம், ஒரு நாள் கால் பங்கு, ஒரு நாள் வெறும் சுத்தக் காற்று. எந்த நாள் எது என்று உட்காருகிறவருக்கும் தெரியாது, எண்ணுகிற எங்களுக்கும் தெரியாது. மூக்கு காட்டிக் கொடுத்துவிடாமல் இருக்க மூன்று நாளும் ஒரே தைல வாசனையைக் கலந்துவிடுவார்கள். வாயுவைத் திறக்கிறவர் மட்டும் வரிசையை எழுதி ஒட்டிய உறையில் வைத்திருந்தார். கண் எரிந்தால் மனுஷன் கூடுதலாக இமைப்பான். சுத்தக் காற்றில் இமைப்பதைவிட எந்த அளவில் கூடுகிறதோ, அங்கே ஆபத்து ஆரம்பம். அதற்குக் கீழேதான் சட்டம் நிற்க வேண்டும்.

படத்தில் முகம் தெரியாது. புருவத்திலிருந்து கன்னத்து மேடு வரைதான். பெயர் கிடையாது, எண்தான். சத்தமும் கிடையாது.

ஒன்பதாம் எண்ணின் முதல் நாள் படத்தைப் போட்டதும் என் கட்டைவிரல் நின்றுவிட்டது. இடது புருவத்தில் வால் பாதி இல்லை. ஆவி பட்டு வெந்த இடம், மறுபடி முடி முளைக்கவில்லை. அந்தப் புருவத்தை இருபது வருஷமாகச் சாப்பாட்டு மேசைக்கு எதிரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அண்ணி.

சொந்தக்காரர் கண்ணை எண்ணக் கூடாது என்று விதி இருக்கிறது. அன்றைக்கே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணனும் அண்ணியும் ஒரே ஆலை. அண்ணன் பசை கலக்கும் பிரிவு, அண்ணி அழுத்து இயந்திரத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு மேஸ்திரி. அண்ணனுக்கு நாலைந்து வருஷமாக மூச்சு சரியில்லை. "சிகரெட் உண்டா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றோம். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் போய்விட்டான்.

அன்றைக்கு ஷிஃப்டு விட்டதும் நாற்பது பேர் அப்படியே வேலைத் துணியோடு வந்துவிட்டார்கள். கூடம் கொள்ளவில்லை. அம்மா அலறினாள், நான் அழுதேன், வந்தவர்களும் அழுதார்கள். அண்ணி தலைமாட்டில் நின்றாள். இமை பாதி இறங்கி, வாய் லேசாகத் திறந்து, பார்வை தரையில். ஒரு சொட்டு இல்லை. எடுத்துக்கொண்டு போகும்போதும் இல்லை.

"கல்லு," என்றாள் அம்மா. அன்றிலிருந்து அவளோடு நேராகப் பேசுவதில்லை.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. பேச்சு மட்டும் சுற்றிக்கொண்டு போகும்.

"குட்டி, உங்கம்மாகிட்ட சொல்லு, குழாய் சொட்டுதுன்னு."

குட்டி என்பது அண்ணன் மகள். பத்தொன்பது வயசு. "அம்மா, குழாய் சொட்டுதாம்."

"மூடிட்டேன்னு சொல்லு."

"மூடிட்டாங்களாம் பாட்டி."

"மூடினா ஏன் சொட்டுது? கேளு."

"ரெண்டு பேரும் ரெண்டடி தள்ளி நிக்கறீங்க. நான் என்ன தபால்காரியா?" என்று குட்டி கத்திவிட்டு வெளியே போய்விடுவாள்.

நான் அம்மா அளவுக்குப் போகவில்லை. கேட்டால் பதில் சொல்வேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கல் கிடந்தது. அண்ணி கண்ணாடி அறைக்கு வருகிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. அவள் விடுமுறை நாளில் எங்கே போகிறாள் என்று நானும் கேட்கவில்லை.

முதல் நாள் படம்: நிமிஷத்துக்குப் பத்தொன்பது. இமை பாதி இறங்கியிருந்தது. தலைமாட்டில் நின்றாளே, அதே கண். இரண்டாம் நாள் பதினாறு. அதே கண்.

மூன்றாம் நாள் வேறு.

முதல் பத்து நிமிஷம் சாதாரணம். பிறகு இமை மேலே ஏறியது. கண் முழுசாகத் திறந்தது. அண்ணிக்கு இவ்வளவு பெரிய கண் என்று அப்போதுதான் பார்த்தேன். கீழ் இமையில் நீர் கட்டியது, வழிந்தது, மறுபடி கட்டியது. அவள் துடைக்கவே இல்லை. இமை மட்டும் படபடவென்று அடித்தது. அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் எண்ணினால் போதும் என்பது எங்கள் வழக்கம். நான் அந்த நாலு மணி நேரத்தையும் எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்தொன்று.

'புருஷன் செத்ததுக்கு வராத கண்ணீர், காரத்துக்கு வருது பாரு' என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கப் போவதில்லை. எண்ணி முடித்து, 'நீர் வடிதல்: உண்டு' என்று கட்டத்தில் குறியிட்டபோது எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மா உறையைப் பிரித்தார். ஆய்வு அவருடையது. தாளையும் எங்கள் எண்களையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஒன்பதாம் ஆளு என்ன தலைகீழா இருக்காங்க?"

"எப்படி மேடம்?" என்றார் தாடி.

"அரைப் பங்கு காரத்துல பத்தொன்பது. கால்ல பதினாறு. சுத்தக் காத்துல முப்பத்தொண்ணு. மூணாவது நாள் இவங்க ரூம்ல ஒண்ணுமே இல்லையே, வெறும் காத்துதானே?"

என் கையிலிருந்த கருவி தானாக ஒரு 'டிக்' அடித்தது.

டாக்டரம்மா பேனாவால் தாளைத் தட்டிக்கொண்டே பேசினார். "மத்த பதினோரு பேருக்கும் கால் பங்குக்கு மேல போனா எரியுதுன்னு தெளிவா தெரியுது. இவங்க ஒருத்தரையும் சேர்த்தா எல்லாம் கலங்கிடுது. அரைப் பங்குக்கும் சுத்தக் காத்துக்கும் வித்தியாசமே இல்லைன்னு ஆயிடுது. ஆலைக்காரங்களுக்கு இனிப்பு குடுத்த மாதிரி இருக்கும்."

"அவங்க என் அண்ணி, மேடம்," என்றேன்.

தாடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப தெரியும்?"

"முதல் படத்துலயே."

"முதல் படத்துலயே தெரிஞ்சு... சரி. அந்த விஷயத்துக்கு அப்புறம் வர்றேன். ஏன் முப்பத்தொண்ணு?"

"அழுதிருக்காங்க."

"கண்ணு எரிஞ்சா?"

"இல்ல மேடம். அழுதிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றத வெச்சு நான் ஒருத்தரை நீக்க முடியாது. நாளைக்கு ஆலை மேனேஜர் என்ன கேப்பார்? 'உங்களுக்குப் பிடிச்ச நம்பர் வர்ற வரைக்கும் ஒவ்வொருத்தரா நீக்குவீங்களா'ன்னு கேப்பார். நானா இருந்தாலும் கேப்பேன். அவங்களே, அவங்க கையெழுத்துல, அன்னைக்கு என்னன்னு எழுதிக் குடுக்கணும். அது குழுவுல எல்லாருக்கும் முன்னாடி படிக்கப்படும். அப்புறம் மூணு நாளும் மறுபடி உக்காரணும். நீங்க அந்தப் படத்துப் பக்கமே வரக் கூடாது. தாடி எண்ணட்டும்."

"மறுபடியும் அழுதுட்டா?"

"அப்ப அவங்க கண்ணு அப்படித்தான்னு எழுத வேண்டியதுதான். அரைப் பங்குதான் சட்டமாகும்."

அன்று சாயங்காலம் அண்ணி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"என்ன கிளிக்கு, இன்னைக்கு என் மேல பாசம்?" என்றாள். எண்ணும் கருவியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து, அதன் 'கிளிக்' சத்தத்தை வைத்து, குட்டி எனக்கு வைத்த பெயர் அது.

"கண்ணாடி ரூம்ல மூணாவது நாள் என்ன ஆச்சு, அண்ணி?"

உதறிய துண்டு பாதியில் நின்றது.

"நீதான் எண்ணினியா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

துண்டைக் கொடியில் போட்டு, ஓரங்களைச் சரியாக இழுத்துவிட்டாள். மூன்று கவ்வி மாட்டினாள். அதற்கு இரண்டு போதும்.

"சும்மா உக்காந்திருந்தேன். அதுதான் ஆச்சு," என்றாள். "காலைல எழுந்தா அடுப்பு, பஸ்ஸு, ஷிஃப்டு, வந்தா துணி. குளிக்கப் போனாகூட குட்டி கதவத் தட்டுவா, சீப்பு எங்கேன்னு. அங்க யாரும் தட்டல. ஒரு நாற்காலி, ஒரு தண்ணி பாட்டில். மொத ரெண்டு நாளும் உள்ள காரம் இருந்துச்சு. என்ன தைலம் போட்டு மறைச்சாலும் எங்க கண்ணுக்குத் தெரியாதா? கண்ணு அதுபாட்டுக்கு வேலைக்கு நின்னுடுச்சு."

"வேலைக்கா?"

"ஆமா. காரம் ஏறினா இமைய இறக்கிடணும், வாயால கொஞ்சம் கொஞ்சமா மூச்சு விடணும். கண்ணுல தண்ணி வந்துச்சோ, உன்னை வரிசையில இருந்து எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க. கையில பசை, துடைச்சா இன்னும் எரியும். அதனால வரவே விடக் கூடாது. எத்தனை வருஷம்! மூணாவது நாள் பாத்தா ஒண்ணுமே இல்ல. அஞ்சு நிமிஷம் பாத்தேன், பத்து நிமிஷம் பாத்தேன். எரியல. சரி, இன்னைக்கு எதையும் பிடிச்சுக்கிட்டு உக்கார வேண்டாம்னு விட்டேன். விட்டதும் உங்கண்ணன் வந்துட்டார்."

நான் அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன்.

"நாலு மணி நேரம் இருந்தார்," என்றாள்.

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் சிரித்தாள்.

"குழுவுல எங்க மேனேஜர் இருப்பாரு. சங்கத்துக்காரர் இருப்பாரு. ஒன்பதாம் நம்பர் யாருன்னு ஆலை முழுக்கத் தெரியும். அவங்க முன்னாடி, 'மேஸ்திரியம்மா அழுதாங்க'ன்னு படிப்பாங்களா? அப்புறம் நான் எப்படிப் பன்னெண்டு பொம்பளைங்கள அதட்டறது?"

"வேண்டாம்னா விட்டுடலாம் அண்ணி."

"எங்க விடறது? குட்டிக்குக் கடுதாசி வந்துடுச்சு. ஒண்ணாந்தேதி சேரணும். அவங்கப்பா நின்ன அதே இடம், பசை கலக்கற இடம்."

"அனுப்பித்தான் ஆகணுமா?"

"நீயே சொல்லு, எத்தனை இடத்துக்கு மனு போட்டா? எவன் கூப்பிட்டான்?" என்று காலி வாளியைக் கவிழ்த்தாள். "அவ போய்த்தான் ஆகணும். போற இடத்துல அரையா காலாங்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. தாள் கொண்டா."

சமையலறை மேசையில் நின்றுகொண்டே எழுதினாள். இரண்டே வரி. 'மூன்றாம் நாள் எனக்குக் கண் எரியவில்லை. உட்கார நேரம் கிடைத்ததால் என் கணவரை நினைத்து அழுதேன்.' கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மறுபடி உட்கார வேண்டும். ஞாயிறு மத்தியானம் அண்ணி என்னைப் பின்அறைக்குக் கூப்பிட்டாள்.

"அங்க போய் உக்காந்தா மறுபடி வந்துடுவாரு. எனக்குத் தெரியும். அதனால இன்னைக்கே அழுது தீத்துட்டுப் போயிடறேன். குட்டிய எங்கயாவது அனுப்பு. யாரும் கதவத் தட்டக் கூடாது."

"எவ்வளவு நேரம் அண்ணி?"

"நான் என்ன குக்கரா, விசில் அடிச்சுச் சொல்ல?"

குட்டியைக் கடைக்கு அனுப்பினேன். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அரை மணி ஆயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவு கொஞ்சம் திறந்து அண்ணியின் தலை தெரிந்தது.

"வரலியே," என்றாள் என்னிடம், குரலைத் தாழ்த்தி. பஸ்ஸைச் சொல்வதுபோல.

கதவை மறுபடி சாத்திக்கொண்டாள்.

"அவகிட்ட கேளு, பட்டப்பகல்ல என்ன கதவச் சாத்திக்கிட்டுன்னு," என்றாள் அம்மா.

"அழறதுக்கு," என்றேன்.

"என்னது?"

படத்தைப் பற்றி வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு விதியை ஏற்கெனவே மீறியவள். இன்னொன்றையும் மீறினேன். கண்ணாடி அறை, மூன்றாம் நாள், முப்பத்தொன்று, குட்டி நிற்கப் போகிற இடம், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கத்தி வெங்காயத்தில் பாதி இறங்கி அப்படியே நின்றது.

"நீ பாத்தியா?"

"நாலு மணி நேரம் பாத்தேன்."

"நெசமாவா?"

"எண்ணினேன்மா."

அம்மா நம்பினாளா என்று தெரியவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். இறுக்கிக் கட்டியிருந்த முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். அண்ணன் கடைசியாக வேலைக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை. பசை காய்ந்து, முழங்கைப் பக்கம் விறைத்திருந்தது. துவைக்காமல் எட்டு மாதமாக வைத்திருக்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இதைக் குடு அவகிட்ட. அவன் வாசனை இருக்கு. இதுக்கு வரலேன்னா எதுக்கும் வராது."

நான் கதவைத் திறந்தேன். அம்மா என் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். அண்ணி கட்டில் விளிம்பில், கையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். சட்டையை அவள் மடியில் வைத்தேன்.

காரம் குப்பென்று எழும்பியது. எனக்கே மூக்கில் ஏறியது.

அண்ணி சட்டையைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனாள். அழத்தான் போனாள். உதடு துடித்தது. அப்போது இமை இறங்கியது. பாதி. வாய் லேசாகத் திறந்தது. மூச்சு சின்னதானது. பார்வை தரைக்குப் போயிற்று. அவள் வேண்டுமென்று செய்ததில்லை. கண் அதுபாட்டுக்கு வேலைக்கு நின்றுவிட்டது. அவள் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இமை இன்னும் இறங்கியது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அவளும் அதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறோம். வேலைத் துணியோடு நாற்பது பேர் நின்ற கூடத்தில், தலைமாட்டில்.

"அன்னைக்கும் எல்லாரும் அப்படியே ஆலையிலிருந்து வந்தாங்கல்ல," என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை. "வீடு பூரா இந்த நாத்தம்தானே."

உள்ளே வந்தாள். அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சட்டையை வாங்கினாள். பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். கொல்லைக் கதவைத் திறந்து வெளியே படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

"சன்னலத் திறடி," என்றாள் என்னிடம். "ரெண்டையும் திற. அந்த ஃபேனப் போடு."

காற்று வந்தது. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அம்மா கட்டிலின் மறுமுனையில், அண்ணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணியின் இமை மேலே ஏறுவதைப் பார்த்தேன். அந்தப் பெரிய கண்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பாதி உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு குரல் கேட்டது. அப்புறம் இரண்டு. குட்டி கடையிலிருந்து திரும்பி வந்து, "யாரு, என்ன ஆச்சு?" என்று ஓடினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தட்டாத. இன்னும் ஆகல."

அந்த வாரம் அண்ணி மூன்று நாளும் போய் உட்கார்ந்தாள். எனக்கு வேறு அறையில், வேறு வேலை கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தாடி டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லாதீங்க."

"ஒரு நாள் பதினொண்ணு. பச்சப்புள்ள பாக்கற மாதிரி பாக்கறாங்க. மத்த ரெண்டு நாளும் பழைய கணக்குதான்." டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் போனார்.

குழு கூடிய அன்று அண்ணியின் இரண்டு வரியையும் டாக்டரம்மா படித்தாராம். "இதெல்லாம் ஒரு காரணமா?" என்றாராம் மேனேஜர். சங்கத்துக்காரர் எழுந்து, "உங்க ஆலையில உக்காந்து அழக்கூட நேரம் இல்லேங்கறது காரணம் இல்லியா சார்?" என்றாராம். அப்புறம் பேச்சு எண்களுக்குப் போயிற்று. முடிவில் கால் பங்கு என்று எழுதினார்கள். கூண்டுகள் செய்து மாட்ட அவகாசம் வேண்டும் என்று ஆலை கேட்டது. கொடுத்தார்கள். இரண்டு வருஷம். அதுவரை பழைய அளவு, அதாவது ஒன்று.

"அரையும் இல்ல, காலும் இல்ல. ஒண்ணு," என்றாள் அண்ணி, நான் சொன்னதும். மறுநாள் குட்டிக்குத் தலைத்துணி இரண்டு தைத்தாள்.

ஒண்ணாந்தேதி குட்டி சேர்ந்தாள். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. அவள் உள்ளே வந்ததும் கூடத்தில் அந்த வாசனை. மூன்று பேரும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தோம்.

"எரியுதா குட்டி?" என்றேன்.

"லேசாத்தான் அத்தை. மூணு தடவ தண்ணி வந்துடுச்சு. மேஸ்திரி ஒரு மாதிரி பாத்தாரு." கண்ணைக் கசக்கப் போனவள் கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "அம்மா, அங்க எல்லாரும் கண்ண ஒரு மாதிரி வெச்சுக்கறாங்களே, பாதி தூங்கற மாதிரி? அது எப்படி? 'உங்கம்மாகிட்ட கேளு, அவங்க மாதிரி யாருக்கும் வராது'ன்னு சொன்னாங்க."

அண்ணி வாயைத் திறந்தாள்.

"சொல்லிக் குடுத்துடாத," என்றது சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல்.

யாரிடம் சொல்கிறாள் என்று குட்டி என்னைப் பார்த்தாள், நான் குட்டியைப் பார்த்தேன். அம்மா அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்டத்தான் சொல்றேன். அந்த வித்தைய இவளுக்குச் சொல்லிக் குடுத்துடாத. எரிஞ்சா அழட்டும்."

"சொல்லிக் குடுக்கல, அத்தை," என்றாள் அண்ணி.

"ரெண்டு வருஷத்துக்கா அழறது பாட்டி?" என்று குட்டி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அண்ணி எழுந்து சன்னலைத் திறக்கப் போனாள். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.